மூலிகை டீயை வீட்டில் எப்படிப் போடுவது? சளி, இருமலுக்கு உண்மையிலேயே கேட்குமா?

கோத்தகிரியில் இருக்கிறேன். சுற்றிலும் தேயிலைத் தோட்டம்தான். ஆனாலும் தொண்டை கரகரத்தால் எங்கள் வீட்டில் டீத்தூள் டப்பாவைத் திறப்பதில்லை, கொல்லைப்பக்கம்தான் போவோம்.

கையில் கிடைத்ததை எல்லாம் ஒரே பாத்திரத்தில் போட்டுத் தளதளவென்று கொதிக்க விடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கெடுகிறது. துளசி, புதினா, எலுமிச்சைப்புல், இங்கே வேலியோரம் நன்றாக வருகிற ரோஸ்மேரி, இவற்றுக்கெல்லாம் வாசனை எண்ணெய்தான் உயிர். கொதிக்க விட்டால் வீடு மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இலையைக் கசக்கிப் போட்டு, ஏழெட்டு நிமிடம் மூடி வையுங்கள். திறக்கும்போது தட்டின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அதைப் பாத்திரத்துக்குள்ளேயே தட்டிவிடுங்கள், மணம் அதில்தான் இருக்கிறது.

சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை சமாசாரம் வேறு. ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை விட வேண்டும். மலையில் இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து வந்த சித்தி அங்கே வைக்கிற மாதிரியே வைத்து இறக்கிவிட்டு, "என்னடி, உங்க ஊர் சுக்குல காரமே இல்ல" என்றார்.

சரி, கேட்குமா? சளியை விரட்டாது, அது தானாகப் போக ஒரு வாரம் ஆகும். அதுவரை தொண்டைக்கு இதமாக இருக்கும், மூக்கடைப்பு கொஞ்சம் விடும். குமட்டலுக்கு இஞ்சி நன்றாகவே கேட்கும். வயிற்று உப்புசத்துக்குப் புதினா நல்லது, ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதுவே எரிச்சலைக் கூட்டிவிடும். தேன் கலப்பதாக இருந்தால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

ஊட்டிக்கு வருகிறவர்கள் தைல மர இலையிலும் டீ போடலாமா என்று கேட்பார்கள். அது ஆவி பிடிக்க மட்டும். நீலகிரித் தைலத்தைச் சில சொட்டு குடிக்கிற வேலையும் வேண்டாம். குழந்தைகள் கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும்.

அப்புறம் அதிமதுரம். வறட்டு இருமல் என்று அம்மா தினமும் இரண்டு வேளை அதைக் காய்ச்சிக் குடித்தார். இருமல் நின்ற பிறகும், இனிப்பாக இருக்கிறதே என்று விடவில்லை. ஒன்றரை மாதத்தில் கால் வீங்கியது, மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, டீ மட்டுந்தான்" என்றார் அம்மா. நான்தான் குறுக்கே புகுந்து சொன்னேன். அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்துவிடுமாம். நிறுத்திய சில வாரத்தில் வீக்கம் வடிந்தது. இப்போது அவருக்கு எலுமிச்சைப்புல்லும் ஒரு துண்டு இஞ்சியும்தான். அதிமதுரம் இருந்த டப்பாவில் கடுகு கொட்டி வைத்திருக்கிறோம்.