ஒரே ரோசின் எல்லா வில்லுக்கும் ஆகுமா?

கேள்வி: மகளுக்கு வயலின், மகனுக்கு டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தில் மிகப் பெரிய வாத்தியம்). வில்லின் முடியில் தேய்க்கிற ரோசின் (பைன் மரப் பிசினில் செய்த கட்டி) ஒன்றே இருவருக்கும் போதுமா?

பதில்: போதாது. இரண்டு வாங்குங்கள்.

கேள்வி: புது வயலினில் வில்லை இழுத்தால் சத்தமே வரவில்லை. விற்றவரிடம் போனேன். வில் மட்டம் என்று சொல்லி, விலை கூடிய வேறொரு வில்லைத் தலையில் கட்டிவிட்டார். அப்புறம் ஒரு நண்பர் பழைய வில்லில் ரோசின் தேய்த்தார். அது நன்றாகவே ஒலிக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. வில்லில் இருப்பது குதிரைவால் முடி. ரோசின் படாத முடி, கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டுதான் போகும். ரோசின் ஏறிய முடி கம்பியைப் பற்றி இழுக்கும், நழுவ விடும், மறுபடி பற்றும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடப்பதால்தான் நாதம் பிறக்கிறது. வில் விற்கிறவருக்கு இது தெரியாதா? தெரிந்தும் வாயைத் திறக்காமல் இன்னொரு வில்லை விற்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. வயலின் பெட்டியில் வரும் புது ரோசின் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அப்படியே தேய்த்தால் முடியில் எளிதில் ஏறாது. நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெள்ளைப் பொடி தெரிந்த பிறகு, முடியை அடி முதல் நுனி வரை அதன் மேல் நிதானமாக இழுக்க வேண்டும். புது முடி என்றால் பலமுறை. இதைக் காட்ட சில நிமிடம் போதும். பில்லோடு போய், இரண்டாவது வில்லைக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: தங்கத்தூள் கலந்த ரோசின் நாதத்தை இனிமையாக்குமா?

பதில்: நானும் அப்படி நம்பி வாங்கினேன். ஒரு வில்லுக்கு அதையும் இன்னொன்றுக்குச் சாதாரண ரோசினையும் தேய்த்து, நண்பரை வாசிக்கச் சொல்லித் திரும்பி நின்று கேட்டேன். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொடுத்த பணம் இன்னும் மனதை உறுத்துகிறது. மினுமினுப்பை விடுங்கள், கெட்டித்தன்மையைப் பாருங்கள். வயலினுக்கும், அதைவிடச் சற்றே பெரிய வியோலாவுக்கும் கெட்டியானது. பெரும்பாலும் வெளிர் நிறத்தில் இருக்கும். அவற்றைவிடப் பெரிய செல்லோவின் கம்பி தடிமன் என்பதால் கொஞ்சம் மிருதுவாக, பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். டபுள் பேஸுக்கு எல்லாவற்றிலும் மிருதுவானது. புழுக்கமான ஊரில் கெட்டியான பக்கமும், குளிர்ந்து வறண்ட ஊரில் மிருதுவான பக்கமும் சாயலாம். நிறத்தை மட்டும் நம்பாமல், எந்த வாத்தியத்துக்கு என்று டப்பாவில் படித்து வாங்குங்கள்.

கேள்வி: பேஸ் ரோசினை வெயிலில் நின்ற காரில் மறந்துவிட்டேன். உருகி, உறையெல்லாம் ஒட்டிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: எப்படிக் கிடைக்கும்? டபுள் பேஸ் ரோசின் சும்மா சாய்த்து வைத்தாலே மெல்ல வழியக் கூடியது. அதற்காகத்தான் கிண்ணத்தில் வைத்து விற்கிறார்கள். காரில் விட்டது நீங்கள். விற்றவர் என்ன செய்வார்? அடுத்ததையாவது நிழலில், நிமிர்த்தி வையுங்கள்.

கேள்வி: ரோசினைத் தொட்டாலே விரல் அரிக்கிறது.

பதில்: பைன் மரப் பிசின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பிசின் சேராத செயற்கை ரோசின் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் தோல் மருத்துவரிடம் விரலைக் காட்டிவிடுங்கள்.