பயம் வந்தாலே அவிசுவாசமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு ஸ்தோத்திரம். பெரம்பூரில் வசிக்கும் எனக்கு வயது 38. என் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து, இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புவார். சற்றுத் தாமதமானாலும், பாடி மேம்பாலத்தில் விபத்து நேர்ந்துவிட்டது என்றே என் மனம் முடிவுகட்டிவிடுகிறது. அவர் எடுக்கும்வரை விடாமல் போன் செய்கிறேன். வண்டி ஓட்டுகிறவன் எப்படி எடுப்பது என்று அவர் கோபித்துக்கொள்கிறார். அந்த எண்ணத்தை 'இயேசுவின் நாமத்தினாலே போ' என்று துரத்தினால் இன்னும் வலுத்து வருகிறது. "விசுவாசிக்கு ஏது பயம்?" என்கிறார் மாமியார். 'உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்' என்ற ரோமர் 12:2 வசனத்தை வைத்து ஆயர் பிரசங்கித்த நாள்முதல், நான் இரட்சிக்கப்பட்டவள்தானா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. பல இரவுகள் தூக்கம் கலைந்துவிடுகிறது. நான் என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தொலைதூரம் வண்டி ஓட்டி வருகிற கணவரை எண்ணிக் கவலைப்படுவது இயல்பு. உங்களை வாட்டுவது, அந்தக் கவலையை ஒரு பாவமாகப் பாவித்து அதனோடு நீங்கள் நடத்தும் போராட்டம். ஓர் எண்ணத்தை வரக்கூடாது என்று தடுக்கத் தடுக்க அது திரும்பத் திரும்ப வரும் என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆகவே நீங்கள் துரத்தியும் எண்ணம் போகாததற்கு உங்கள் ஜெபத்தில் குறை தேட வேண்டியதில்லை.

மனம் புதிதாவது என்றால் கெட்ட எண்ணமே எழாமல் போய்விடுவது என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். பிலிப்பியர் 4:8-ஐ எடுத்துப் பாருங்கள். எவைகளைச் சிந்திக்க வேண்டும் என்று பவுல் அடுக்கும்போது முதலில் வைப்பது 'உண்மையுள்ளவைகளெவைகளோ' என்பதைத்தான். அதையும் சிறைக்காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். எனவே, எழுந்த எண்ணம் உண்மையா என்று விசாரிப்பதும் விசுவாசத்தின் வேலையே. 42ஆம் சங்கீதக்காரர்கூடத் தன் கலக்கத்தை விரட்டவில்லை, 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?' என்று அதனிடமே காரணம் கேட்கிறார். 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த அறிவாற்றல் சிகிச்சையும், தானாக எழும் எண்ணத்தை அப்படியே ஏற்காமல் ஆதாரம் கேட்கவே பழக்குகிறது.

இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அவர் தாமதிக்கும் இரவில், போனை எடுப்பதற்கு முன் மனம் சொல்வதை அப்படியே எழுதுங்கள்: 'பாடி மேம்பாலத்தில் விழுந்துவிட்டார்.' அதன் கீழே, அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது, தாமதத்துக்கு வேறென்ன காரணம் இருக்கலாம் (ஓவர்டைம், மழை, பெட்ரோல் பங்க் வரிசை) என்று எழுதுங்கள். அவர் வந்து சேர்ந்ததும் நடந்ததை அவர் வாயாலேயே கேட்டுக் குறித்துவையுங்கள். சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கங்களைப் புரட்டினால், உங்கள் மனம் எத்தனை முறை பொய்சாட்சி சொல்லியிருக்கிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். கம்பெனியை விட்டுக் கிளம்பும்போது ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பும்படி கணவரிடம் கேளுங்கள். அதன்பின், வழக்கமாக வந்துசேரும் நேரத்துக்கு மேல் அரை மணி நேரம் கடக்கும்வரை போன் செய்வதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் மிகவும் கடினமாகத்தான் இருக்கும்.

மாமியாரோடு வசனம் வைத்து வாதிட வேண்டாம். அவருக்கும் மகனைப் பற்றிய பயம் இருக்கக்கூடும். இரட்சிப்பைப் பற்றிய சந்தேகத்தை ஆயரிடமே நேரில் சொல்லுங்கள். பிரசங்க பீடத்திலிருந்து ஊருக்கெல்லாம் சொல்வதைவிடத் தனியே அவர் உங்களுக்கென்று சொல்வது வேறாக இருக்கும்.

தூக்கம் கலைவதை மட்டும் ஜெபத்தோடு விட்டுவிடாதீர்கள். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டிய எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இத்தகைய படபடப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிறகும் தூக்கம் சீராகவில்லை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிகள் பிரிவில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அதுவரை நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை) இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.