பையன் எதுவும் கேட்பதில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள்

வணக்கம் ஐயா. உங்கள் தையல் யூனிட்டில் ஆர்டர் குறைந்தது, பாதி மெஷினை விற்றது, மிச்ச மெஷினுக்கு டியூ ஓடுவது எல்லாம் கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதம் ஆக்கியபோது, திருப்பூரில் எக்ஸ்போர்ட் ஜாப் ஒர்க்கை நம்பியிருந்த பல சின்ன யூனிட்டுகளுக்கு இதே கதைதான். ஆனால் எனக்கு உறுத்துவது, பையனைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி: "நிலைமை புரிந்து அவன் இப்போது எதுவுமே கேட்பதில்லை, அது ஒன்றுதான் நிம்மதி."

கத்துகிற பிள்ளையைச் சமாளித்துவிடலாம். புது போன் கேட்டு ரகளை செய்பவன், வீட்டில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று நம்புகிறான். பத்தாவது எழுதிய பையன் தானாக டியூஷனை நிறுத்திவிட்டு, கிழிந்த ஷூவை ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிக்கொண்டு, பசங்க கூப்பிட்டால் "வேலை இருக்கு" என்று கழன்றுகொள்கிறான் என்றால் அவன் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கில் உள்ள தொகை பெரும்பாலும் உண்மைக் கடனைவிடப் பெரிதாக இருக்கும். நீங்களும் அம்மாவும் அடுப்படியில் மெதுவாகப் பேசுவதில் பாதிதானே அவன் காதில் விழுகிறது?

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து உட்காருங்கள். வாரம் என்ன வருகிறது, வாடகை எவ்வளவு, டியூ எவ்வளவு, அது எந்த மாதம் முடிகிறது என்று எல்லாவற்றையும் தொகையாகவே சொல்லுங்கள். வட்டிக்காரர் வாசலில் நின்று பேசியதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் அவன் படிப்புக்கு என்று மாதம் ஒரு தொகையை, சின்னதானாலும் சரி, தனியாக எழுதிக் காட்டுங்கள். அது டியூஷனுக்கா, சைக்கிள் ரிப்பேருக்கா என்று அவனே முடிவு செய்யட்டும்.

லீவில் கைமடி வேலைக்கு, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலைக்கு, போகிறேன் என்கிறானாமே. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருப்பேன். அந்த வேலை கேவலம் என்பதால் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் கையில் சம்பளம் வந்து, அதை அம்மாவிடம் கொடுக்கும்போது வரும் பெருமை இருக்கிறதே, அதுதான் ஆளை இழுத்துவிடும். "ஒரு வருஷம் போய்விட்டு அப்புறம் படிக்கிறேன்" என்று போய், ஓவர்லாக் பழகி டெய்லராகவே நின்றுவிட்டவர்கள் உங்கள் லைனிலேயே இருப்பார்கள். உதவ ஆசைப்பட்டால் உங்கள் பில், டெலிவரி சீட்டுகளை எழுதித் தரட்டும்.

இனி பள்ளி. பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றலாமா என்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம், பள்ளி மாற இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் "மாற்றினால் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும்" என்று சொந்தக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம். 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியலுக்கும் வந்த அந்த ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரியில் படிக்கும் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறாவதிலிருந்து கணக்குப் பார்ப்பார்கள். உங்கள் பையனுக்கு மிச்சமாகப் போவது ஃபீஸ் மட்டும்தான். அதுவே இப்போது பெரிய தொகை.

பழைய பள்ளி பாக்கியைக் காட்டி டிசி தர இழுத்தால் பயப்படாதீர்கள். டிசி என்பது ஃபீஸ் வசூலிக்கும் கருவி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலேயே சொல்லிவிட்டது. பாக்கியைத் தவணையாகக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். அதற்கும் இழுத்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

அவனுக்கு மெஷின் பிரித்துப் பார்ப்பதில் ஆசை என்றால் அரசு பாலிடெக்னிக்கையும் அவனிடம் சொல்லிப் பாருங்கள். மூன்று வருட டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம். ஃபீஸ் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட மட்டும் வேண்டாம்.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் பன்னிரண்டாவது முடித்து கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் எடுத்தால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது, யார் எவ்வளவு ஆசை காட்டினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். தொழிற்படிப்புக்குக் கல்விக்கடன் வாங்கும்போது குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்கு மேல் ஒரு வருடத்துக்கும் உண்டான வட்டியை ஏற்கும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. கல்லூரி அதற்குள் வருகிறதா என்று சேரும் முன்பே வங்கியில் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முதல் வேலை வருமானச் சான்றிதழ். யூனிட் நன்றாக ஓடிய காலத்தில் எடுத்ததையே வைத்திருக்காதீர்கள், இப்போதைய வருமானத்துக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்துக்குப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், படிவத்தை அவனே நிரப்பட்டும்.