18 வயது, புது லைசென்ஸ், அப்பாவின் பிஎம்டபிள்யூ: சாவியைக் கொடுக்கலாமா?

கேள்வி: "கோவையில் இருக்கிறோம். மூத்தவனுக்கு 18 முடிந்து போன மாதம்தான் லைசென்ஸ் வந்தது. வீட்டில் பிஎம்டபிள்யூ 330 எல்ஐ ஒன்றும், பத்து வருடப் பழைய வேகன் ஆர் ஒன்றும் நிற்கின்றன. நண்பர்கள் நான்கு பேரோடு ஊட்டி போக பிஎம்டபிள்யூவைக் கேட்கிறான். என் மனைவி கூடவே கூடாது என்கிறார். மச்சானோ, 'அந்த டப்பாவில் அனுப்புவதைவிட இதில் அனுப்புவதுதான் பாதுகாப்பு' என்கிறார். இதைப் பார்த்துவிட்டு 16 வயதுச் சின்னவனும் எங்கள் கேட்டட் கம்யூனிட்டிக்குள் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று நிற்கிறான். என்ன செய்யலாம்?"

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். மூத்தவன் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தக் காரை ஓட்டிப் பழகட்டும், தாராளமாக. நண்பர்களோடு தனியாக ஊட்டிக்கு, இந்த வருடம் வேண்டாம். சின்னவனுக்குக் கேட்டுக்கு உள்ளேயும் கிடையாது, வெளியேயும் கிடையாது.

உங்கள் மச்சானைத் தள்ளிவிட முடியாது, அவர் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. வேகன் ஆர் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2023-ல் ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. உங்களுடையது அதற்கும் முந்தைய தலைமுறை. ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் சட்டப்படி கட்டாயமாகும் முன்பு வந்த வண்டி, இரண்டும் இல்லாமல்கூட இருக்கலாம், ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் 2019-ல் யூரோ என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. மோதல் நடந்துவிட்டது என்றால் பையன் எதற்குள் இருக்க வேண்டும் என்று கேட்டால், நானும் பிஎம்டபிள்யூவைத்தான் காட்டுவேன்.

ஆனால் மோதல் நடக்குமா என்பது வேறு கேள்வி. அங்கேதான் மச்சானின் கணக்கு உதைக்கிறது.

உங்கள் கார் 258 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 6.2 விநாடியில் தொடும் என்று கம்பெனியே சொல்கிறது. வேகன் ஆரின் சிறிய எஞ்சின் எழுபது குதிரைக்கும் கீழே. இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்று, அந்த கேபினுக்குள் இருக்கும் அமைதி. வேகன் ஆரில் 90-ஐத் தாண்டினால் எஞ்சின் கத்தும், கண்ணாடி அதிரும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். ஓட்டுபவனின் உடம்பே போதும் என்று சொல்லிவிடும். 330 எல்ஐ-யில் 120-ல் போகும்போதுகூட பின்சீட்டில் பேசுவது தெளிவாகக் கேட்கும். பல வருடம் ஓட்டியவருக்கு மைல்கல்லும் மரமும் பின்னால் ஓடுவதைப் பார்த்தே வேகம் பிடிபடும். ஒரு மாத லைசென்ஸ்காரனுக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை. அவன் நம்பியிருப்பது சத்தத்தையும் அதிர்வையும். நாம் பல லட்சம் கொடுத்து வாங்கிய காரோ அவை இரண்டையும் அவனிடமிருந்து மறைக்கிறது. அவிநாசி ரோடு மேம்பாலம் பத்து கிலோமீட்டர், சிக்னலே கிடையாது. அங்கே வேகம் 110-க்கு ஏறியது அவனுக்கு மீட்டரைப் பார்த்தால்தான் தெரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி மொபைலைப் பார்த்தால் கார் 55 மீட்டர் போயிருக்கும்.

2019 ஜூலைக்குப் பிறகு வந்த எல்லாக் கார்களும் 80-ஐத் தாண்டினால் அவ்வப்போதும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் பீப் அடிக்க வேண்டும் என்பது விதி. தொல்லை என்று அதை காரின் மென்பொருளில் கோடிங் செய்து நிறுத்தி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நீங்களும் அப்படிச் செய்திருந்தால் முதலில் அதைத் திருப்பிப் போடுங்கள்.

அடுத்தது காலும் கையும். உங்கள் பிஎம்டபிள்யூ ஆட்டோமேட்டிக். டிரைவிங் ஸ்கூலில் அவன் கற்றது மேனுவல்தானே? மேனுவலில் பழகிய இடது கால், அவசரத்தில் கிளட்சைத் தேடும். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது அகலமான பிரேக் பெடல். கிளட்சை மிதிக்கிற வேகத்தில் அதை மிதித்தால் வண்டி சடாரென்று நிற்கும், பின்னால் வருகிற டவுன் பஸ் நிற்காது. கியர் லீவரிலும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் காரில் முன்னால் தள்ளினால் ரிவர்ஸ், பின்னால் இழுத்தால் டிரைவ். பார்க்கிங்கில் பதற்றத்தோடு முன்னே போக நினைப்பவன் கை, தானாக லீவரை முன்னால்தான் தள்ளும். பேஸ்மென்ட் தூணில் இடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பெரிய கார்களில் இந்த வகை நிறைய. நீளமும் வேகன் ஆரைவிட ஒரு மீட்டருக்கு மேல் அதிகம், எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேனுவல் டெஸ்ட்டில் பாஸ் ஆனதால் இதெல்லாம் வந்துவிடாது.

இந்த ஊட்டிப் பயணத்தில் எனக்குக் காரைவிட அதிக கவலை தருவது அந்த நான்கு நண்பர்கள்தான். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கான ஏஏஏ அறக்கட்டளை 2012-ல் வெளியிட்ட ஆய்வு 16, 17 வயது ஓட்டுநர்களைப் பற்றியது. பெரியவர்கள் யாரும் இல்லாமல் 21 வயதுக்குக் குறைந்த ஒருவர் கூட இருந்தால், ஓட்டுபவர் விபத்தில் இறக்கும் அபாயம் 44 சதவீதம் கூடுகிறது. இருவர் என்றால் இரண்டு மடங்கு, மூன்று பேரும் அதற்கு மேலும் என்றால் நான்கு மடங்கு. உங்கள் மகனுக்கு ஒரு வயது கூட என்றாலும் ஓட்டிய அனுபவம் அவர்களுடையதைப் போலத்தான், சாலையோ நம் சாலை. நியூசிலாந்து 1987-லேயே படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் குறிப்பிட்ட காலம் வரை இரவில் தனியாக ஓட்டக் கூடாது, தன் இஷ்டத்துக்கு ஆள் ஏற்றக் கூடாது. நம் ஊரில் அட்டை வந்த மறுநாளே ஐந்து பேரோடு மலை ஏறலாம், சட்டம் தடுக்காது. ஆகவே அந்தப் படிகளை வீட்டில் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

சின்னவன் விஷயம். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. 'எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துவிட்டான்' என்று சொல்லலாம், ஆனால் உங்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 16 வயதில் சட்டம் விட்டுவைத்திருப்பது 50 சிசி-க்கு மேற்படாத, கியர் இல்லாத இருசக்கர வண்டி மட்டும்தான். இப்போது டிவிஎஸ் எக்ஸ்எல்லே 100 சிசி ஆகிவிட்டது.

கேட்டட் கம்யூனிட்டி ரோடு பொது இடமா, தனியார் இடமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் டிரைவர் ஷரத்து என்று ஒரு பத்தி இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள். ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதில் இருக்கும். உள்ளே ஓட்டினால் பரவாயில்லை என்று எங்கும் இருக்காது. பம்பர் டு பம்பர், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் பாலிசி, எடுத்திருந்தாலும் க்ளெய்ம் நிற்காது. அந்த ரோட்டில்தான் சைக்கிள் விடும் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே மோதி இரண்டு இளம் ஐடி ஊழியர்கள் இறந்ததும், 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று ஜாமீன் கொடுத்ததும், பிறகு அப்பாவே கைதானதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அவ்வளவு பேசப்படாத இன்னொரு வழக்கு டெல்லியில் நடந்தது. 2016 ஏப்ரலில், 18 ஆவதற்குச் சில நாட்களே இருந்த ஒரு பையன் அப்பாவின் மெர்சிடிஸை ஓட்டி, சாலையைக் கடந்த 32 வயதுக்காரர் மீது மோதினான். அவர் இறந்துவிட்டார். 2024-ல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவருடைய பெற்றோருக்குச் சுமார் 1.98 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கட்டிவிட்டு, பிறகு வண்டி உரிமையாளர் தரப்பிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு. லைசென்ஸ் இல்லாத கையில் சாவி போனால் இன்சூரன்ஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மூத்தவனிடம் லைசென்ஸ் இருக்கிறது, எனவே பாலிசியில் அவன் பெயரைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டும். மகன் ஓட்டித் தன் தவறாலேயே அடிபட்டால் அதில் ஒன்றும் வராது. கார் உங்கள் கம்பெனி பெயரில் இருந்தால் உங்களுக்கே அது கிடையாது. இந்த விலைக் கார் வைத்திருப்பவர்கள் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை என்பது என் அனுபவம். அவன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள், பிரீமியம் உங்கள் ஒரு டேங்க் பெட்ரோல் செலவை ஒட்டித்தான் வரும்.

சரி, எப்படிப் பழக்குவது? முதலில் காலியான மைதானம் அல்லது ஞாயிறு காலை ஆளில்லாத லேஅவுட். இடது காலை டெட் பெடலில், அதாவது இடது ஓரத்தில் கால் வைக்க இருக்கும் அசையாத மேடையில், வைக்கச் சொல்லுங்கள், முதல் சில நாள் சீட்டை ஒட்டி மடக்கி வைத்தாலும் சரிதான். ரிவர்ஸ், டிரைவ், பார்க்கிங்குக்கான பி பட்டன், இவற்றைக் கண்ணால் பார்க்காமல் கை பழகும்வரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். கம்ஃபர்ட் மோட் போதும், ஸ்போர்ட் பக்கம் போகவே வேண்டாம். வண்டி சறுக்காமல் காக்கும் டிஎஸ்சி அமைப்பின் பட்டனை அவனுக்குக் காட்டி, இதைத் தொட்டால் சாவி போச்சு என்று சொல்லிவிடுங்கள். உங்களுடையது பின்சக்கர இழுவை. அந்தப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் வண்டியை நேராக வைத்திருக்கும் பாதுகாப்பு அணைந்துவிடும், அப்புறம் ஈரத் தார்ச்சாலையில் வளைவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் பின்பக்கம் வீசிக்கொண்டு போகும். பிஎம்டபிள்யூவில் ஸ்பீட் வார்னிங் என்று ஒரு செட்டிங் உண்டு, 80-ல் வையுங்கள். வால்வோவில் கேர் கீ என்று ஒன்று தருகிறார்கள், அந்தச் சாவியில் நாம் வைத்த வேகத்துக்கு மேல் வண்டி போகவே போகாது. எல்லாக் கம்பெனியும் அதைத் தர வேண்டும் என்பது என் ஆசை.

பிறகு பகலில் நகருக்குள், அடுத்து எல் அண்ட் டி பைபாஸ் மாதிரியான சாலை. அங்கே எதிரே வரும் லாரியின் வேகத்தைக் கணிப்பதுதான் பாடம், ஓவர்டேக் இப்போதைக்கு வேண்டாம். அதற்குப் பிறகு மழை, கடைசியாக இரவு. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. பல வீடுகளில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாலே பையனின் கை நடுங்குகிறது. அம்மா நன்றாக ஓட்டுவார் என்றால் அவரையே உட்காரவைக்கலாம்.

அவன் தனியாகக் கல்லூரிக்குப் போக என்ன வண்டி என்று கேட்பீர்கள். அந்த வேகன் ஆர் வேண்டாம், அந்த ஒரு விஷயத்தில் மச்சான் சொல்வதுதான் சரி. ஐந்து நட்சத்திரம் வாங்கிய, இஎஸ்சி (டிஎஸ்சி போலவே சறுக்கலைத் தடுக்கும் அமைப்பு) உள்ள, நடுத்தர சக்தியுள்ள பழைய நெக்ஸானோ எக்ஸ்யூவி 300-ஓ பார்த்து வாங்குங்கள். இஎஸ்சி எல்லா வேரியன்ட்டிலும் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஐஐஎச்எஸ் அமைப்பும் இளம் ஓட்டுநர்களுக்கு இதைத்தான் சொல்கிறது: ரொம்பச் சின்ன வண்டியும் வேண்டாம், குதிரைத்திறன் கூடிய வண்டியும் வேண்டாம், இஎஸ்சி கட்டாயம். பம்பரில் முதல் கீறல் விழும்போதும் வித்தியாசம் தெரியும். பிஎம்டபிள்யூவில் அது பெயின்ட்டோடு முடியாது, பின்னால் சென்சார் இருக்கிறது. க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும்.

ஊட்டிக்கு வருவோம். மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறிலிருந்து குன்னூர் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதில் பெரிய சிக்கல் இல்லை, இறங்குவதில்தான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கை டிரைவிலேயே விட்டு இறங்கினால் அது மேல் கியருக்குப் போகப் பார்க்கும், பையன் பிரேக்கை மிதித்தபடியே வருவான், பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். லீவரை மேனுவலுக்கான எம்-முக்கு மாற்றி இரண்டாவது கியரில் பிடித்து, எஞ்சின் இழுப்பிலேயே இறங்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழி விட வேண்டும். இதை ஒரு நாள் நீங்கள் கூட இருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள், குடும்பத்தோடு போகும் நாளாகவே இருக்கட்டும்.

இந்த முறை நண்பர்களோடு போவதை ரத்து செய்ய வேண்டியதில்லை. மலைப் பாதையில் நன்றாக ஓட்டிப் பழகிய ஆக்டிங் டிரைவர் ஒருவரை வையுங்கள், மேட்டுப்பாளையத்தில் விசாரித்தால் கிடைப்பார்கள். டிரைவர் ஒருவர், பையன் ஒருவன், நண்பர்கள் நால்வர், ஆக மொத்தம் ஆறு பேர், உங்கள் காரிலோ ஐந்து பெல்ட். ஒரு இன்னோவா எடுத்துக்கொள்ளட்டும். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், கிளம்புவதற்கு முன்பே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.