பையில் கூல் லிப் கிடைத்தால் டிசி கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் எழுபது பிள்ளைகள் படிக்கும் சிறிய மாற்றுக்கல்விப் பள்ளி நடத்துகிறோம். பிரம்பும் ரேங்க்கும் கிடையாது. எதுவானாலும் திங்கட்கிழமை வட்டமாக உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்போம். போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பையில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் இருந்தது. பத்தாம் வகுப்பு அண்ணன்கள் இருவர் கொடுத்தார்களாம். அதில் ஒருவன் ஊர்த் திருவிழாவில் பீரும் குடித்திருக்கிறான். டிசி கொடுக்கச் சொல்லிச் சில பெற்றோர் நெருக்குகிறார்கள். இதை வட்டத்தில் வைத்துப் பேசலாமா? எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: டிசி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்ப முடியாது. பத்தாம் வகுப்புக்காரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் அனுப்ப வேண்டாம் என்பேன். பள்ளியை விட்டு நின்ற பையன் பகல் முழுக்க எங்கே உட்காருவான்? பெட்டிக்கடை வாசலில்தான்.

சரி, வட்டம். உங்களைப் போன்ற பள்ளிகள் சறுக்குவது இங்கேதான். நான் போய்வந்த ஒரு பள்ளியில், பீடி பிடித்த பையனை நடுவில் உட்கார வைத்து நாற்பது பேர் பேசினார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை, அவ்வளவு அன்பு. அவன் கால் கட்டைவிரலால் சிமெண்ட் தரையில் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். மறுவாரம் பள்ளிக்கு வரவில்லை. பிரம்பு இல்லாமலும் அவமானம் உண்டாகும்.

வட்டத்தில் விதியைப் பேசுங்கள், பையனைப் பேசாதீர்கள். 1921இல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்கு மாறிய சம்மர்ஹில் பள்ளியில் ஆசிரியருக்கும் ஒரு ஓட்டுதான், பொடியனுக்கும் ஒரு ஓட்டுதான். அங்கேயே உடல்நலம், பாதுகாப்பு பற்றிய முடிவுகளைப் பெரியவர்கள் தங்கள் கையில் வைத்திருக்கிறார்கள். ‘வளாகத்தில் புகையிலை கூடுமா’ என்பது ஓட்டுக்கு விடுகிற விஷயம் இல்லை. ‘தானாக வந்து சொல்கிறவனை எப்படி நடத்துவது, நண்பனைப் பற்றிக் கவலை வந்தால் யாரிடம் சொல்வது’ என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். தானாகச் சொன்னவனுக்கும் பிடிபட்டவனுக்கும் ஒரே தண்டனை என்றால், அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒரே ஒரு ஆசிரியர் பொறுப்பு ஏற்கட்டும், அவனுக்குப் பிடித்தவராக. கூல் லிப்பில் புகை கிடையாது, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆகவே எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்ததும் தேடுகிறதா என்று நிதானமாகக் கேளுங்கள். தினமும் வைத்தவன் என்றால், விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் மோசம். எரிச்சல், தலைவலி, பாடத்தில் மனம் நிற்காது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். ‘இரண்டு வாரம் வீட்டில் இரு’ என்று சஸ்பெண்ட் செய்தால், துணை வேண்டிய அதே நாட்களில் அவனைத் தனியாக விடுகிறோம். அந்த நாட்களில் தோட்ட வேலை, சமையலறை, கால்பந்து எதிலாவது போடுங்கள். வாய்க்குக் கிராம்போ ஏலக்காயோ கொடுங்கள். நிகோடின் சூயிங்கம் மட்டும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

பீர் குடித்தவனிடம் அளவை விடச் சூழ்நிலையைக் கேளுங்கள். தனியாக இருக்கும்போது குடித்தாயா? நடந்தது மறந்து போனதா? போதையில் இருப்பவர் ஓட்டிய பைக்கில் ஏறினாயா? டென்ஷன் குறையக் குடிக்கிறாயா? வீட்டிலோ நண்பர்களோ குறைத்துக்கொள் என்றார்களா? குடித்துவிட்டு வம்பில் மாட்டினாயா? பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான ஆறு கேள்விகளின் சாரம் இது. இரண்டுக்கு ஆமாம் என்றாலே மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 போதை மீட்பு உதவி எண், அல்லது 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு நான் எதிரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே பள்ளிகளில் இது பரவலாக வேண்டாம் என்கிறது. கஞ்சா பல நாள் காட்டும், நேற்றுக் குடித்த பீர் பெரும்பாலும் காட்டாது, போதைக்காக முகர்கிற பஞ்சர் சொல்யூஷனும் வொயிட்னரும் சாதாரணப் பரிசோதனையில் தெரியவே தெரியாது. முகர்கிற பழக்கம்தான் 2019இல் வெளியான மத்திய அரசு ஆய்வில் பெரியவர்களை விடச் சிறுவர்களிடம் அதிகம்: 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58.

இதில் ஆசிரியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த நேரத்தில் பயந்து ஓடினால் இதயத்துடிப்பு தடுமாறி உயிரே போகலாம். மெதுவாகப் பக்கத்தில் போய், காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். குடித்து மயங்கியவனுக்கு மோரும் எலுமிச்சைச் சாறும் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

அடுத்து, கடை. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்குள் யாருக்கும் எங்கேயும் விற்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் புகையிலையோ மதுவோ கொடுப்பவருக்கு சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. காவல் நிலையத்திலும் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பள்ளியின் பெயரில் புகார் கொடுங்கள். சாட்சிக்கென்று எந்தப் பையனையும் அனுப்பி வாங்க வைக்காதீர்கள். அந்த அண்ணன்களும் பிள்ளைகள்தான், அவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்பதே நீங்கள் தேட வேண்டியது.

பெற்றோர் கூட்டத்தில் ‘யார் அந்தப் பையன்கள்’ என்று கட்டாயம் கேட்பார்கள். சொல்லாதீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளையின் பெயரையும் இதே போல வெளியே விட மாட்டோம் என்று மட்டும் சொல்லுங்கள்.