முதல் எலக்ட்ரிக் மாண்டலின்: எட்டுத் தந்தியா, ஐந்து தந்தியா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. மூன்று வருடமாக வாய்ப்பாட்டு கற்கிறாள், வர்ணம் வரை வந்துவிட்டாள். இப்போது எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசிக்க ஆசைப்படுகிறாள். கடையில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு, அதாவது ஒலிபெருக்கிக்கு, அனுப்பும் பாகம்) பொருத்திய எட்டுத் தந்தி மாண்டலினைக் காட்டி, “ஆரம்பத்துக்கு இது போதும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. அது மட்டமான வாத்தியம் என்று சொல்லவில்லை. சினிமாப் பாட்டு, மேற்கத்திய இசை என்றால் நானே அதை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். உங்கள் மகள் வாசிக்கப்போகும் சங்கீதத்துக்கு அது ஒத்துவராது.

சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஒரு ஜோடியில் இரண்டு தந்திக்கும் ஒரே சுருதி. மீட்டிய நாதம் சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால்தான் அதில் நீண்ட ஸ்வரம் வரும் இடங்களில் விடாமல் மேலும் கீழுமாக மீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கோ ஒரே மீட்டில் எழுந்த நாதம் நிற்க வேண்டும், அதன் மேலேயே கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, வர வேண்டும்.

நான் முதலில் வாங்கியதும் எட்டுத் தந்திதான். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பேன். ஜோடியில் ஒரு தந்தி மேலே போகும், மற்றது பின்தங்கும். ஒரு ஸ்வரம் இரண்டாகப் பிளந்து கேட்கும். குறை என் விரலில்தான் என்று நினைத்து ஆறு மாதம் மனம் ஒடிந்து கிடந்தேன். ஆசையோடு தொடங்கும் குழந்தைக்கு அது நேரவே கூடாது.

ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்த மாண்டலின் மேதை யு. ஸ்ரீனிவாஸ், கர்நாடக சங்கீதத்துக்காகவே ஜோடித் தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். இன்னொன்றும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். அவருக்குக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், சிறுவன் அதைக் கேட்டு வாத்தியத்தில் கொண்டுவருவான். வர்ணம் வரை பாடத் தெரிந்த குழந்தை பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஆகவே ஐந்து ஒற்றைத் தந்தி, உள்ளே வெற்றிடம் இல்லாத கட்டை உடல், காந்தப் பிக்கப். இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெற்று வயிறுள்ள மாண்டலினை ஆம்பில் சத்தமாக வைத்தால் ஊளையிடும். ஐந்தாவது தந்தி கீழ் ஸ்தாயிக்கு இறங்குவதற்கு. தந்தி வாங்கும்போது எஃகு அல்லது நிக்கல் என்று கேட்டு வாங்குங்கள். வெண்கலத் தந்தி காந்தப் பிக்கப்பில் சரியாக எடுபடாது.

இப்படிப்பட்டது எல்லாக் கடையிலும் தொங்காது. பெரும்பாலும் சொல்லிச் செய்ய வேண்டும், இல்லையென்றால் பழையது கிடைக்க வேண்டும். அதனால் வாத்தியத்துக்கு முன் ஆசிரியரைத் தேடுங்கள். யார் நன்றாகச் செய்கிறார்கள், எந்த மாணவர் தன்னுடையதை விற்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: பழையது வாங்குவதென்றால் எதைப் பார்ப்பது? எனக்கு ஒன்றும் தெரியாது.

பதில்: மகளைக் கூட்டிப் போங்கள். மூன்று வருடம் சுருதியோடு பாடிய காது உங்களுக்குப் பெரிய துணை.

கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டபடி மீட்டி, உடனே விரலை எடுக்கச் சொல்லுங்கள். மணி அடித்த மாதிரி ஒரு நாதம் வரும். அடுத்து அதே ஃப்ரெட்டில் நன்றாக அழுத்தி மீட்டட்டும். இரண்டும் ஒரே ஸ்வரமாக இருக்க வேண்டும். போனில் ட்யூனர் ஆப் இருந்தால் உங்களுக்கே தெரியும். அழுத்தியதன் சுருதி தூக்கலாக இருந்தால், உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கழுத்தைவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்த்த வேண்டும். நகர்த்த வழியே இல்லாத பிரிட்ஜ் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். சுருதி சேராத வாத்தியத்தில் பழகினால் இருக்கிற காதும் கெடும்.

அப்புறம் முதல் தந்தியை ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கட்டும். நடுவில் நாதம் ‘ஜர்’ என்று இரைந்தாலோ, சட்டென்று செத்தாலோ, பக்கத்து ஃப்ரெட் உயர்ந்திருக்கலாம். தேய்த்துச் சமப்படுத்தினால் சரியாகும். அந்தக் கூலியை விலையில் குறைத்துக் கேளுங்கள். கழுத்தின் இரு ஓரத்திலும் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனை கையைக் கீறக் கூடாது. கடைசியாகக் கேபிளைச் செருகி லேசாக அசையுங்கள். கரகரத்தால் கேபிள் செருகும் ஜாக் தளர்ந்திருக்கிறது, அது சின்ன வேலைதான். ஆனால் ஐந்து தந்தியில் ஒன்று மட்டும் ஆம்பில் மங்கலாகக் கேட்டால் பிக்கப்பைக் கவனிக்க வேண்டும். விற்பவர் சரிசெய்து தரட்டும், அதன் பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: ஆம்ப் உடனே வேண்டுமா?

பதில்: வேண்டும். ஆம்ப் இல்லாத கட்டை மாண்டலின் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கும். வீட்டுக்கு 10 முதல் 15 வாட் தாராளம். ஹெட்போன் துளை உள்ளதாகப் பாருங்கள், இரவில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பழகலாம். ஆம்பில் ‘கெயின்’ என்ற திருகைக் குறைத்து, கரகரப்பில்லாத சுத்தமான ஒலியில் வையுங்கள். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை ஆம்ப், கேபிள், மாற்றுத் தந்திகளுக்கு ஒதுக்குங்கள். முதல் தந்தி மெல்லியது, அடிக்கடி அறும்.

கேள்வி: ஆன்லைனில் மாண்டலின் வாங்கினேன். கழுத்து வளைந்து வந்திருக்கிறது. “விற்ற பொருளை வாங்க மாட்டோம்” என்கிறார்கள். (இன்னொரு வாசகர்)

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. வளைவு தெரியும்படி கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து இன்றே எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நாள் ஓடிவிடும், கையில் சாட்சியும் இருக்காது. அதற்கும் கடைக்காரர் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். வாத்தியம் வந்த அட்டைப்பெட்டியை மட்டும் அதுவரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.