கொசுவுக்குக் கூம்பு முகமா?

அன்புள்ள ஐயா,

கொசுவுக்குப் பழைய கிரேக்கத்தில் 'கோனோப்ஸ்' என்று பெயர், 'கூம்பு முகம் உள்ளது' என்று அதற்குப் பொருள் என எங்கோ படித்தேன். பிடித்துப்போய் வகுப்பில் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. சின்ன உயிர்களுக்கெல்லாம் கிரேக்கர்கள் இப்படி உருவம் பார்த்துத்தான் பெயர் வைத்தார்களா?

ம., திருவாரூர்

அன்புள்ள ம.,

'கோனோஸ்' என்றால் கூம்பு, 'ஓப்ஸ்' என்றால் முகம். பிரித்தால் கச்சிதமாகத்தான் வருகிறது. இவ்வளவு கச்சிதமாக வந்தாலே எனக்குக் கொஞ்சம் உதறும். கொசுவைக் குறித்த ஓர் எகிப்தியச் சொல் கிரேக்கர் காதில் விழுந்து, தங்களுக்குத் தெரிந்த இரண்டு சொற்களாக அதை அவர்கள் மாற்றிக்கொண்டார்கள் என்றும் ஒரு கருத்து உண்டு. இரண்டுமே ஊகம்தான்.

உருவம் பார்த்து வைத்த பெயர் இல்லாமலில்லை. பூச்சி இனத்துக்கு அரிஸ்டாட்டில் சொன்ன 'என்டோமா' அப்படிப்பட்டது: வெட்டுப்பட்டவை. குளவியின் இடுப்பைப் பார்த்தால் புரியும். அதை லத்தீனில் அப்படியே பெயர்த்ததுதான் 'இன்செக்ட்'. ஆனால் அது படித்தவர் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர். வயலிலும் அடுக்களையிலும் புழங்கிய பெயர்களின் கதை வேறு. டச்சு அறிஞர் ராபர்ட் பேக்கஸ் 2010இல் கொண்டுவந்த கிரேக்கச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினால், இப்படிப்பட்ட பல பெயர்கள் கிரேக்கத்துக்கு முன்பே அந்த நிலத்தில் இருந்த மொழியின் மிச்சம் என்று போட்டிருக்கிறார். எனக்கு அவர் சில இடங்களில் அவசரப்படுகிறார் என்று தோன்றும்.

கிரேக்கமும் லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மூலமொழியிலிருந்து பிரிந்தவை. அங்கிருந்து எலியின் பெயர் மட்டும் அடிபடாமல் வந்து சேர்ந்திருக்கிறது. கிரேக்கத்தில் 'மூஸ்', லத்தீனிலும் 'மூஸ்', சமஸ்கிருதத்தில் 'மூஷிகம்'. பிள்ளையாரைக் கேட்டாலே போதும்.

எறும்புதான் வேடிக்கை. கிரேக்கத்தில் 'முர்மெக்ஸ்', லத்தீனில் 'ஃபோர்மிகா', சமஸ்கிருதத்தில் 'வம்ர'. ஒரே பழஞ்சொல்தான், ஆனால் ம, ர, வ எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. கிரேக்கத்துக்குள்ளேயே 'புர்மாக்ஸ்', 'போர்மாக்ஸ்' என்ற வடிவங்களை ஹெசிக்கியஸ் என்ற பழைய அகராதிக்காரர் குறித்துவைத்திருக்கிறார். பெயரைச் சொல்ல அஞ்சி வேண்டுமென்றே திரித்தார்கள் என்பார் உண்டு. பிள்ளைகள் வாயில் புரண்டு புரண்டு இப்படி ஆனது என்றே நான் நினைக்கிறேன். இதே குடும்பத்தில் 'வல்மீக'த்தையும் சேர்ப்பார்கள். தமிழில் வன்மீகம், புற்று. உங்கள் ஊர்க் கோயிலில் புற்றிடங்கொண்டாராக இருக்கும் வன்மீகநாதரின் பெயருக்குள் அந்த எறும்பு ஊர்கிறது.

சரி, வகுப்புக்கு வருவோம். கூம்பு முகத்தை எடுத்துவிட்டு இதைச் சொல்லுங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தின் சதுப்பு நிலத்து மக்களைப் பற்றி எழுதுகிறார்: பகலில் மீன் பிடித்த வலையையே இரவில் கட்டிலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தூங்குவார்களாம். போர்வை போர்த்தினால் அதன் வழியே கடிக்கும் கோனோப்ஸ், வலை என்றால் கிட்டவே வராதாம். (மீன் வாடைக்குப் பயந்திருக்குமோ?) பின்னாளில் கொசுவலை கட்டிய கட்டிலுக்குக் 'கோனோபெயோன்' என்று பெயர் வந்தது. அதுவே லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் மேல்விதானத்தைக் குறிக்கும் 'கேனப்பி' ஆனது, பிரெஞ்சில் 'கனபே' என்ற சோபா ஆனது. அப்புறம், சோபாவில் ஆள் உட்கார்ந்த மாதிரி மேலே எதையாவது ஏற்றிவைத்த ரொட்டித்துண்டுக்கும் அதே பெயர். நட்சத்திர ஓட்டல் விருந்துகளில் தட்டில் வைத்து நீட்டுகிறார்களே, அதுதான்.